அமெரிக்கப் பள்ளித் தெரிவு: லிபர்டேரியன்களும் கன்சர்வேடிவ்களும் எந்த விதியில் பிரிகிறார்கள்?

#1 ஓலைச்சுவடி (இழையைத் தொடங்கியவர்)

"வலதுசாரிகள் வவுச்சர் கேட்கிறார்கள், ஆசிரியர் சங்கங்கள் எதிர்க்கின்றன." அமெரிக்கக் கல்விக் கொள்கையைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு நின்றுவிடுகிறார்கள். கேட்கிறவர்களுக்குள்ளேயே இரண்டு முகாம் இருக்கிறது: அரசின் தலையீடு எதிலும் குறைய வேண்டும் என்கிற லிபர்டேரியன்கள், மரபையும் ஒழுக்கத்தையும் காக்க வேண்டும் என்கிற கன்சர்வேடிவ்கள். ஒரே மசோதாவுக்குக் கை தூக்குகிறார்கள், ஆனால் அதன் ஒவ்வொரு உட்பிரிவிலும் மோதிக்கொள்கிறார்கள். இந்த இழையில் அந்த உட்பிரிவுகளைப் பேசலாம்.

முதலில் சொற்கள். வவுச்சர் என்றால் அரசுக் கருவூலத்திலிருந்து தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு மட்டும் போகும் பணம். ஈ.எஸ்.ஏ. என்பது கல்விச் சேமிப்புக் கணக்கு: பணம் பிள்ளையின் பெயரில் ஒரு கணக்கில் விழும், கட்டணம், டியூஷன், புத்தகம், சிகிச்சைப் பயிற்சி என்று பெற்றோர் பிரித்துச் செலவழிக்கலாம். மூன்றாவது வரித் தள்ளுபடி. இதில் அரசுப் பணமே இல்லை. ஒருவர் உதவித்தொகை அமைப்புக்கு நன்கொடை தருகிறார், அந்தத் தொகை அவர் கட்ட வேண்டிய வரியிலிருந்து டாலருக்கு டாலர் குறைகிறது, அமைப்பு அதைப் பிள்ளைகளுக்குப் பிரித்துத் தருகிறது.

பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1955-இல் வவுச்சர் யோசனையை எழுதியபோது அவருடைய வாதம் நேரடியானது. கல்விக்கு அரசு பணம் தரலாம், பள்ளியை அரசே நடத்த வேண்டியதில்லை. லிபர்டேரியன் இன்றும் அங்கேதான் நிற்கிறார், சிலர் அரசு பணமும் தர வேண்டாம் என்பார்கள். கன்சர்வேடிவுக்கு முதல் கேள்வி வேறு: பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்கப்படுகிறது, அதைத் தீர்மானிப்பது யார்? பெற்றோரின் கை ஓங்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்று. அதற்கு அப்பால் என்ன என்பதில்தான் வழக்கு.

#2 தெற்குவாசல்

நல்ல தொடக்கம். லிபர்டேரியன்களில் ஒரு பெரிய பிரிவு, கேட்டோ என்ற கொள்கை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ கூல்சன் போன்றவர்கள், வவுச்சரைவிட வரித் தள்ளுபடியை ஏன் உயர்வாக வைத்தார்கள் என்பதை விளக்கிவிடுகிறேன்.

காரணம் ஒன்று, பணத்தோடு விதியும் வரும். கருவூலக் காசோலை பள்ளிக்குள் நுழைந்தால் அடுத்த சட்டமன்றம் பாடத்திட்டம், சேர்க்கை, ஆசிரியர் தகுதி என்று நிபந்தனை போடும். நன்கொடைப் பணம் கருவூலத்தைத் தொடுவதே இல்லை.

காரணம் இரண்டு, மனச்சாட்சி. கத்தோலிக்கப் பள்ளிக்குத் தன் வரிப்பணம் போகக்கூடாது என்கிறவரை வவுச்சர் கட்டாயப்படுத்துகிறது. நன்கொடை கொடுப்பவரோ தான் விரும்பும் அமைப்புக்குத் தருகிறார்.

காரணம் மூன்று, நீதிமன்றம். அரிசோனா வரித் தள்ளுபடிச் சட்டத்தை 1997-இல் கொண்டுவந்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனது. 2011-இல் தீர்ப்பு: வசூலாகாத வரி அரசுப் பணம் ஆகாது, ஆகவே இதை எதிர்த்து வழக்குப் போட சாதாரண வரிசெலுத்துவோருக்குத் தகுதியே இல்லை. ஃப்ளோரிடாவைப் பாருங்கள். 1999-இல் ஆளுநர் ஜெப் புஷ் கொண்டுவந்த வவுச்சரை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2006-இல் ரத்து செய்தது. 'சீரான பொதுப்பள்ளி முறை' என்ற அரசியலமைப்பு வாசகத்துக்கு அது முரண் என்றார்கள். 2001-இல் வந்த வரித் தள்ளுபடித் திட்டம் அதே மாநிலத்தில் பிழைத்தது.

#3 நெல்மணி

தெற்குவாசல் சொன்ன மூன்றாவது காரணத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. கென்டகி. அங்கே வந்ததும் வரித் தள்ளுபடிதான். ஆனால் 2022 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்தது. பணம் கருவூலத்தைச் சுற்றிக்கொண்டு போனாலும் அதன் விளைவு மாநில வருவாயில்தான் விழுகிறது, பொதுப்பள்ளிக்கு வெளியே பணம் போவதை அரசியலமைப்பு தடுக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். அரிசோனா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது கூட்டாட்சி அரசியலமைப்பைப் பற்றி. மாநில நீதிமன்றம் தன் மாநில வாசகத்தைத் தன் கண்ணாலேயே படிக்கும்.

பிறகு 2024 நவம்பரில் அரசியலமைப்பையே திருத்தலாம் என்று மக்களிடம் போனார்கள். கென்டகியின் 120 கவுன்டிகளிலும் தோல்வி. அதே நாளில் அதே மக்கள் டிரம்புக்குப் பெரும் வாக்கு வித்தியாசத்தில் வெற்றி கொடுத்தார்கள். நெப்ராஸ்காவிலும் உதவித்தொகைச் சட்டத்தை வாக்காளர்கள் திரும்பப் பெற வைத்தார்கள். கன்சர்வேடிவ் வாக்காளர் வேறு, கன்சர்வேடிவ் கொள்கை வகுப்பாளர் வேறு. இதை ஆதரவாளர்கள் மனதில் வாங்கிக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்கள்.

#4 கணக்குப்பிள்ளை

நெல்மணி சொன்ன அந்த எதிர்ப்பு கிராமப்புறத்தில் ஏன் வருகிறது என்பது கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் புரியும்.

ஒரு சிறிய பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் பொதுப்பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பு) என்று வைத்துக்கொள்வோம். மழலை வகுப்பு முதல் 12 வரை 13 வகுப்புகள், மொத்தம் 300 பிள்ளைகள், வகுப்புக்குச் சராசரி 23 பேர். தலைக்கு 10,000 டாலர். 12 பிள்ளைகள் ஈ.எஸ்.ஏ. கணக்கு தொடங்கி வெளியேறுகிறார்கள். மாவட்டத்துக்கு 1,20,000 டாலர் இழப்பு. ஆனால் அந்த 12 பேரும் ஒரே வகுப்பிலிருந்து போகவில்லை. வகுப்புக்கு ஒருவர்கூடக் குறையவில்லை. எந்த ஆசிரியரையும் குறைக்க முடியாது. பேருந்து அதே சாலையில்தான் போகும், டீசலும் அதேதான். கூரையும் கொதிகலனும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. 1,20,000 டாலரைக் கலைப் பாடத்திலோ நூலகரிலோதான் வெட்ட வேண்டிவரும். 30,000 பிள்ளைகள் படிக்கும் நகர மாவட்டத்தில் 1,200 பேர் போனால் சில பிரிவுகளை இணைக்கலாம், ஒரு கட்டடத்தை மூடலாம். விழுக்காடு ஒன்றுதான், விளைவு ஒன்றல்ல.

அதோடு கிராமத்தில் பள்ளிக்கூடம்தான் பெரிய முதலாளி. வெள்ளிக்கிழமை இரவு கால்பந்தாட்டம் ஊர்த் திருவிழா. தனியார் பள்ளி 60 மைல் தள்ளி இருக்கும். அந்த ஊர்ப் பிரதிநிதிக்கு இந்த மசோதாவில் கொடுக்க இருக்கிறதே தவிர வாங்க ஒன்றுமில்லை. டெக்சாஸ் கீழவையில் 2023 நவம்பரில் 21 குடியரசுக் கட்சியினர் ஜனநாயகக் கட்சியினரோடு சேர்ந்து 84-க்கு 63 என்று ஈ.எஸ்.ஏ. திட்டத்தை மசோதாவிலிருந்தே வெட்டி எடுத்தது இதனால்தான். ஆளுநர் ஆபட் 2024 உட்கட்சித் தேர்தலில் அவர்களை எதிர்த்து நேரடியாகப் பிரசாரம் செய்தார், பலர் தோற்றார்கள். 2025 ஏப்ரலில் அதே அவையில் 85-க்கு 63 என்று நிறைவேறியது, எதிர்த்த குடியரசுக் கட்சியினர் இரண்டே பேர்.

#5 தெற்குவாசல்

கணக்கு சரி, ஆனால் அது ஓராண்டுக் கணக்கு. அந்த 12 பிள்ளைகளின் குடும்பம் வேறு ஊருக்கு மாறிப் போனாலும் இதே 1,20,000 போகும். அதற்காக இடம்பெயரத் தடை போட யாரும் கேட்பதில்லை. பல மாநிலங்கள் முந்தைய ஆண்டு எண்ணிக்கையை வைத்துக் கொஞ்ச காலம் நிதியைத் தாங்கிப் பிடிக்கின்றன. நிலையான செலவு என்று எதுவும் பத்தாண்டுக்கு நிலையாக இருப்பதில்லை.

கிராமத்துக்குத் தெரிவு புதிதும் அல்ல. உயர்நிலைப் பள்ளி இல்லாத சிற்றூர்கள் பிள்ளைகளுக்கு வெளியூர்ப் பள்ளிக் கட்டணம் கட்டும் முறை வெர்மான்டில் 1869 முதலும் மெய்னில் 1873 முதலும் இருக்கிறது. மதப் பள்ளிகளை அந்த ஏற்பாட்டிலிருந்து ஒதுக்கக்கூடாது என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2022 தீர்ப்பு மெய்ன் வழக்கில் வந்ததுதான்.

#6 மூன்றாம்பிறை

தேர்வு விஷயத்துக்கு வருவோம், இங்கேதான் இரண்டு முகாமும் உண்மையிலேயே முகம் திருப்பிக்கொள்கின்றன.

கன்சர்வேடிவ் தரப்பு: பொதுப்பணம் வாங்கினால் கணக்குக் காட்ட வேண்டும். இந்தியானாவில் வவுச்சர் பிள்ளைகள் மாநிலத் தேர்வை எழுதுகிறார்கள். டெக்சாஸ் சட்டம் தேசிய அளவில் ஒப்பிடக்கூடிய ஏதாவது ஒரு தேர்வை ஆண்டுதோறும் எழுதச் சொல்கிறது. அயோவா அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளியில் சேர்ந்தால்தான் பணம் தருகிறது.

லிபர்டேரியன் தரப்பு: மாநிலத் தேர்வை வைத்தால் மாநிலப் பாடத்திட்டம் பின்னாலேயே வரும். ஏழாம் வகுப்பில் எதைக் கேட்கிறார்களோ அதை ஏழாம் வகுப்பில் நடத்தியாக வேண்டும். கணக்கை வேறு வரிசையில் சொல்லித் தருகிற மாண்டிசோரி பள்ளியும் செவ்வியல் பள்ளியும் அந்த வரிசைக்குள் தங்களை மடக்கிக்கொள்ள வேண்டிவரும். பிறகு எதைத் தெரிவு செய்ய? அரிசோனாவில் இந்தக் கட்டாயம் இல்லை.

இருவரும் கையில் எடுக்கும் உதாரணம் லூசியானா. 2012-இல் மாநிலம் முழுக்க விரிந்த அந்த வவுச்சரில் பள்ளி பிள்ளைகளைத் தானே பொறுக்கக்கூடாது, வவுச்சருக்கு மேல் ஒரு டாலர்கூட வசூலிக்கக்கூடாது, மாநிலத் தேர்வு கட்டாயம். தனியார் பள்ளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான் சேர்ந்தது. குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளைக் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்ட ஆய்வில் முதலாண்டில் கணக்கு மதிப்பெண் 0.4 திட்ட விலக்கம் சரிந்திருந்தது. கல்வி ஆய்வில் இது பெரிய வீழ்ச்சி. சேர்ந்த பள்ளிகளில் பல ஏற்கெனவே மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டிருந்தவை. நல்ல பள்ளிகளை விதிகள் விரட்டின, பணம் தேவைப்பட்ட பள்ளிகள்தான் வந்தன என்கிறார் லிபர்டேரியன். விதி இல்லாவிட்டால் இந்தச் சரிவே வெளியில் தெரிந்திருக்காது என்கிறார் மற்றவர். இரண்டுமே உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் என் கருத்து.

மதிப்பெண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளவும் கூடாது. தலைநகர் வாஷிங்டனில் 2004-இல் தொடங்கிய திட்டத்தில், குலுக்கலில் உதவித்தொகை கிடைத்தவர்களில் 82 விழுக்காட்டினர் பள்ளிப்படிப்பை முடித்தார்கள், கிடைக்காதவர்களில் 70 விழுக்காடு.

#7 நெல்மணி

விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகர வவுச்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1990-இல் தொடங்கியபோது அது ஏழைகளுக்கான திட்டம்: வறுமைக்கோட்டின் 175 விழுக்காட்டுக்குள் வருமானம், மாவட்ட மாணவர்களில் 1 விழுக்காடு உச்சவரம்பு, மதச்சார்பற்ற பள்ளிகள் மட்டும். முதலாண்டில் 341 பிள்ளைகள், 7 பள்ளிகள். அதை முன்னின்று நடத்தியவர் பாலி வில்லியம்ஸ், ஜனநாயகக் கட்சியின் கறுப்பினப் பெண் உறுப்பினர். கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் டாமி தாம்சன். வருமான வரம்பை அகற்றுவதை வில்லியம்ஸ் பின்னாளில் எதிர்த்தார். ஏழைக்கு என்று தொடங்கிய திட்டம் எல்லோருக்கும் என்று மாறும்போது அதன் அடிப்படை நியாயமே மாறிவிடுகிறது. அரிசோனா 2022-இல் ஈ.எஸ்.ஏ.வை எல்லோருக்கும் திறந்தபோது, முதலில் விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய 75 விழுக்காட்டினர் அந்த மாநிலப் பொதுப்பள்ளியில் இருந்ததற்கான பதிவே இல்லாதவர்கள். ஏற்கெனவே கட்டணம் கட்டிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு அரசு ஈடு செய்கிறது என்றால், அது வரவுசெலவுத் திட்டத்தில் புதுச் செலவு. செலவைக் குறைக்கச் சொல்லும் லிபர்டேரியன் இதை எப்படி ஏற்கிறார் என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

#8 தெற்குவாசல்

அந்தக் குடும்பமும் வரி கட்டுகிறது, அதே தெருவில் பொதுப்பள்ளிக்குப் போகும் பணக்காரப் பிள்ளைக்கு வருமானம் பார்த்து யாரும் பணத்தை நிறுத்துவதில்லை. ஆனால் முதல் ஆண்டுகளில் இது கூடுதல் செலவு என்பதை மறுக்க முடியாது. ஆதரவாளர்கள் 'மிச்சமாகும்' என்று வாக்குக் கொடுத்தது தவறு.

#9 புதியவன்22

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். அரிசோனா ஈ.எஸ்.ஏ. கணக்கு நடைமுறையில் எப்படி இயங்குகிறது? எங்கே சிக்கல் வருகிறது?

#10 கணக்குப்பிள்ளை

வரிசையாகச் சொல்கிறேன்.

பெற்றோர் மாநிலக் கல்வித் துறைக்கு விண்ணப்பிக்கிறார்கள். பிறப்புச் சான்றும் முகவரிச் சான்றும் போதும், வருமானச் சான்று கேட்பதில்லை. பிறகு ஒப்பந்தம். பொதுப்பள்ளியில் முழுநேரமாகச் சேர்க்க மாட்டேன், வாசிப்பு, இலக்கணம், கணிதம், சமூகவியல், அறிவியல் ஐந்தும் கற்பிப்பேன் என்று கையெழுத்திட வேண்டும். பிள்ளை பொதுப்பள்ளியில் இருந்திருந்தால் மாநிலம் தந்திருக்கும் தொகையில் 90 விழுக்காடு கணக்குக்கு வரும். சிறப்புத் தேவை இல்லாத பிள்ளைக்கு ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 டாலர் வரை, மழலை வகுப்புக்கு அதில் ஏறக்குறைய பாதி. காலாண்டுக்கு ஒரு முறை கிளாஸ்வாலட் என்ற தளத்தில் விழும். மூன்று வழியில் செலவழிக்கலாம்: தளத்திலிருந்தே பள்ளிக்கோ கடைக்கோ செலுத்துவது, கைப்பணத்தில் கட்டிவிட்டு ரசீது கொடுத்துத் திரும்பப் பெறுவது, டெபிட் அட்டை.

சிக்கல் முதலில் நாட்காட்டியில் வரும். பள்ளி ஆகஸ்டில் மொத்தக் கட்டணத்தையும் கேட்கும், கணக்கிலோ கால் பங்குதான் இருக்கும். சேர்க்கைக்கு முன்பே தவணை உண்டா என்று பள்ளியில் எழுதி வாங்கிக்கொள்ளாத குடும்பங்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. அடுத்தது ரசீது. கடைப் பெயர், தேதி, பொருள், தொகை நான்கும் தெளிவாக இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள், வரிசையில் மறுபடி பின்னால் நிற்க வேண்டும். இசைக்கருவி, விளையாட்டுச் சாமான் போன்றவற்றுக்கு அது எந்தப் பாடத்துக்கு என்று பாடத்திட்டத்தைக் காட்டச் சொல்வார்கள்.

மூன்றாவது மோசடி. இல்லாத பிள்ளைகளின் பெயரில் கணக்கு தொடங்கியதாக 2024-இல் அந்த மாநிலத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. பொதுப்பள்ளியில் பிள்ளை தினமும் வந்து உட்காருகிறது, ஆள் கண்ணுக்குத் தெரியும். கணக்கில் தெரிவது ஆவணம் மட்டும். விதி குறைவாக இருக்க வேண்டும் என்கிற லிபர்டேரியன்கள் அடையாளச் சரிபார்ப்பை மட்டும் கடுமையாக்கச் சொல்ல வேண்டும். அது பாடத்திட்டத்தில் கை வைப்பதாகாது.

ஃப்ளோரிடாவில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே 2023 முதல் எல்லோருக்கும் தகுதி உண்டு. பொதுப்பள்ளி மாணவர் எண்ணிக்கையை அக்டோபரிலும் பிப்ரவரியிலும் எண்ணி நிதி கணக்கிடுகிறார்கள். இரண்டு எண்ணிக்கைக்கும் நடுவில் பிள்ளை பக்கம் மாறினால் இரண்டு இடத்திலும் பெயர் நிற்கலாம், எந்த இடத்திலும் நிற்காமலும் போகலாம். 'பணம் பிள்ளையோடு போகும்' என்ற முழக்கம் நடைமுறைக்கு வர மாதா மாதம் பெயர்ப் பட்டியலை ஒப்பிட வேண்டும்.

#11 மூன்றாம்பிறை

@புதியவன்22, பிள்ளைக்குச் சிறப்புத் தேவை இருந்தால் கையெழுத்திடும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டாட்சிச் சட்டப்படி பொதுப்பள்ளி அந்தப் பிள்ளைக்குத் தனிக் கல்வித் திட்டம் வகுத்து, பேச்சுப் பயிற்சி முதல் உடன் ஆள் வரை இலவசமாகத் தந்தே ஆக வேண்டும். தராவிட்டால் விசாரணை கேட்கலாம். ஈ.எஸ்.ஏ. ஒப்பந்தத்தில் பெற்றோர் மாவட்டத்தை அந்தக் கடமையிலிருந்து விடுவிக்கிறார்கள். தனியார் பள்ளி பிள்ளையைச் சேர்க்க மறுக்கலாம், நடுவில் அனுப்பியும்விடலாம்.

பதிலுக்குத் தொகை அதிகம். அரிசோனாவில் ஆட்டிசம் போன்ற பிரிவுகளுக்கு ஆண்டுக்கு 30,000 டாலரைத் தாண்டுவதுண்டு. டெக்சாஸ் சட்டத்தில் உச்சவரம்பு 30,000. ஆகவே பொதுப்பள்ளியிலிருந்து விலகுவதற்கு முன்பே மாவட்டத்தின் மதிப்பீட்டை முடித்து அறிக்கையைக் கையில் வாங்கிவிட வேண்டும். தொகை எந்தப் பிரிவில் வரும் என்பதை அந்த அறிக்கைதான் தீர்மானிக்கும். விலகிய பிறகு மதிப்பீடு கேட்டால் இழுத்தடிக்கும்.

#12 நெல்மணி

வீட்டுக்கல்விக்காரர்களை யாரும் தொடவில்லையே. வலதுசாரிகளுக்குள் ஈ.எஸ்.ஏ.வை எதிர்க்கும் உறுதியான குரல் அவர்களுடையதுதான். 1980-களில் பல மாநிலங்களில் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைத்தால் வழக்கு வரும். 1993-க்குள் 50 மாநிலங்களிலும் சட்டப்படி ஆக்கிக்கொண்டார்கள். இத்தனை பாடுபட்டு அரசை வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள், 7,000 டாலருக்காக அதை உள்ளே கூப்பிடத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் அரிசோனாவில் சட்டமே இரண்டையும் பிரிக்கிறது: ஈ.எஸ்.ஏ. வாங்கும் பிள்ளை வீட்டிலேயே படித்தாலும் சட்டத்தின் கண்ணில் 'வீட்டுக்கல்வி மாணவர்' அல்ல, வீட்டுக்கல்விக்காக முன்பு கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தைத் திரும்பப் பெற்றாக வேண்டும். நாளை ஈ.எஸ்.ஏ.வுக்குப் புது விதி வந்தால் அது பணம் வாங்காதவர் மேல் விழக்கூடாது என்பதற்கான வரப்பு அது.

#13 ஓலைச்சுவடி

இழை நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. எனக்கு நெருடும் ஒன்றை வைக்கிறேன். லூசியானா ஆளுநர் ஜெஃப் லேண்ட்ரி 2024 ஜூனில், ஒரே மாதத்தில், இரண்டு சட்டங்களில் கையெழுத்திட்டார். ஒன்று ஈ.எஸ்.ஏ. மற்றொன்று பொதுப்பள்ளி வகுப்பறை ஒவ்வொன்றிலும் பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்பது. டெக்சாஸும் 2025-இல் இதே இரண்டையும் நிறைவேற்றியது.

லிபர்டேரியன் பார்வையில் இவை ஒன்றோடொன்று ஒட்டாது. பெற்றோர்தான் தீர்மானிக்க வேண்டும் என்றால் பொதுப்பள்ளிச் சுவரில் என்ன தொங்க வேண்டும் என்பதை மாநிலத் தலைநகரம் தீர்மானிக்கக்கூடாது. கன்சர்வேடிவின் பதில்: பிள்ளைகளில் பெரும்பாலோர் என்ன செய்தாலும் பொதுப்பள்ளியில்தான் இருக்கப்போகிறார்கள், அவர்களைக் கைவிட்டுவிட்டு வெளியேறும் கதவை மட்டும் திறந்து வைப்பது பொறுப்பாகாது. இந்தப் பதிலில் நேர்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் ஓரிகனை மறக்கக்கூடாது. எல்லாப் பிள்ளைகளும் பொதுப்பள்ளிக்கே போக வேண்டும் என்று 1922-இல் அங்கே சட்டம் போட்டவர்களும் ஒழுக்கம், தேசப்பற்று என்றுதான் பேசினார்கள், பின்னால் நின்றது கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு. 'பிள்ளை அரசின் வெறும் படைப்பு அல்ல' என்று சொல்லி 1925-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. சட்டமன்றத்தில் ஆள் மாறும்போது சுவரில் தொங்குவதும் மாறும். அந்த அதிகாரத்தை வளர்ப்பவர்கள் அது எதிரணி கைக்கும் போகும் என்பதை எண்ண வேண்டும்.

#14 தெற்குவாசல்

அதே காரணத்தால்தான் 2025 ஜூலையில் வந்த கூட்டாட்சி வரித் தள்ளுபடி லிபர்டேரியன்களைப் பிளந்தது. 2027 முதல் ஒருவர் 1,700 டாலர் வரை உதவித்தொகை அமைப்புக்குக் கொடுத்தால் கூட்டாட்சி வருமான வரியில் அப்படியே கழியும். அமைப்பு தன் வருவாயில் குறைந்தது 90 விழுக்காட்டை உதவித்தொகையாகத் தர வேண்டும், குறைந்தது 10 பிள்ளைகளுக்காவது தர வேண்டும், எல்லோரும் ஒரே பள்ளியாக இருக்கக்கூடாது. குடும்ப வருமானம் அந்தப் பகுதி இடைநிலை வருமானத்தின் 300 விழுக்காட்டுக்குள். மாநிலம் சேர விரும்பினால் மட்டும்.

ஒரு சாரார் மகிழ்கிறார்கள். கருவூலத்தைத் தொடாத பணம், எந்த மாநில நீதிமன்றமும் எளிதில் கை வைக்க முடியாது. இன்னொரு சாரார், நானும் அதில் ஒருவன், கூட்டாட்சிக் கல்வித் துறையையே மூடச் சொல்லிவிட்டு வருமான வரித் துறை வழியாகக் கல்விக்குள் நுழைவது எப்படி என்று கேட்கிறோம். தகுதியான அமைப்பு எது என்பதற்கு விதி எழுதப்போவது அந்தத் துறைதான்.

#15 கணக்குப்பிள்ளை

அதில் பலர் கவனிக்காத ஒரு இடம்: பணம் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு மட்டுமல்ல. டியூஷன், புத்தகம், கணினி, சிறப்புத் தேவைச் சேவை எல்லாவற்றுக்கும் செல்லும், பொதுப்பள்ளிப் பிள்ளைக்கும் தரலாம். ஆகவே வவுச்சரை எதிர்க்கும் மாநிலமும் சேர்ந்துகொண்டு, பொதுப்பள்ளிப் பிள்ளைகளின் மாலை நேரப் பயிற்சிக்கென்றே ஓர் அமைப்பை ஊக்குவிக்கலாம். சேராத மாநிலத்தவரும் சேர்ந்த மாநிலத்தின் அமைப்புக்கு நன்கொடை கொடுத்துத் தள்ளுபடி வாங்கலாம், அப்போது பணம் எல்லை தாண்டிப் போகும். ஒவ்வொரு மாநிலமும் எந்த அமைப்புகளின் பெயரைப் பட்டியலில் கொடுக்கிறது என்பதைப் பாருங்கள். பட்டியல் வெளிவந்ததும் இதே இழையில் மாநிலவாரியாகத் தொகுத்துப் போடுகிறேன்.